காயலாங்கடையைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டால் சரியாகிவிடுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடலூர் ஓரத்தில் ஒரு நகரில் 12 வருஷமாகச் சொந்த வீட்டில் இருக்கிறீர்கள். பக்கத்து மனை ஏழு சென்ட், காலியாகக் கிடந்தது. போன பொங்கலுக்கு அப்புறம் அதில் காயலாங்கடை வந்துவிட்டது. துருப்பிடித்த கம்பி, பழைய பிரிட்ஜ், டயர், மூட்டை மூட்டையாக பிளாஸ்டிக். மனு கொடுத்தீர்கள். உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, ‘சரக்கு வெளியே தெரியாதபடி மறைப்பு அமைக்க வேண்டும்’ என்று கடைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். அவரும் சவுக்குக் கம்பு நட்டு, பத்தடி உயரத்துக்குத் தகரம் அடித்துவிட்டார். இப்போது உங்கள் படுக்கையறை ஜன்னல் இருட்டு. காற்றடித்தால் தகரம் படபடக்கிறது. சுத்தியல் சத்தம் மட்டும் குறையவே இல்லை. ‘மறைப்பு அமைக்கப்பட்டதால் மனு முடிக்கப்படுகிறது’ என்று பதிலும் வந்துவிட்டது. இது முறையா, இனி என்ன செய்வது, அமெரிக்காவில் இருக்கும் தங்கை மகன் ‘இங்கே இப்படியெல்லாம் நடக்காது’ என்கிறானே, அது உண்மையா என்று கேட்கிறீர்கள்.

நான் வழக்கறிஞர் இல்லை. கடலூரில் முப்பது வருஷத்துக்கு மேல் வீடு, கடை, குடோன் என்று பிளான் போட்டுக் கொடுத்து, அந்தக் கோப்புகளோடு மேசை மேசையாக அலைந்தவன். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய மனு நகலைப் படித்தேன். ‘பார்ப்பதற்கு அருவருப்பாகவும் எங்கள் நகரின் அழகைக் கெடுப்பதாகவும் உள்ளது, தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்க அருவருப்பு என்றீர்கள், பார்க்க முடியாமல் செய்துவிட்டார்கள். அலுவலகத்தைக் குறை சொல்லலாம், ஆனால் அந்தப் பதில் உங்கள் மனுவுக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. ‘தக்க நடவடிக்கை’ என்ற சொல்லை நான் மனுக்களில் எழுதவே விடமாட்டேன். எது தக்கது என்பதை எதிராளி முடிவு செய்துகொள்ளட்டும் என்று நாமே எழுதிக் கொடுப்பது அது.

அந்த மனுவில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இந்த இடத்தில் இந்தத் தொழில் நடத்த அனுமதி இருக்கிறதா என்பது. மறைப்பு என்பது ஒரு நிபந்தனை. அனுமதி என்று ஒன்று இருந்தால்தான் அதற்கு நிபந்தனை. டிக்கெட்டே இல்லாமல் பஸ்ஸில் ஏறியவரை, ‘சரி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஜன்னல் ஓரமாக உட்காருங்கள்’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? உங்கள் விஷயத்தில் நடந்தது அதுவாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். அவரிடம் டிக்கெட் இருக்கவும் வாய்ப்பு உண்டு, அதைப் பார்க்காமல் சண்டைக்குப் போகாதீர்கள்.

அவரிடம் கேட்டால் ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து நிறையக் காகிதங்களை எடுத்துக் காட்டுவார். ஜிஎஸ்டி பதிவு, கமர்ஷியல் கரண்ட் கனெக்‌ஷன், வணிகக் கட்டடம் என்று போட்ட சொத்து வரி ரசீது. நில உரிமையாளரோடு போட்ட வாடகை ஒப்பந்தம். பார்த்தால் எல்லாம் பக்காவாக இருப்பதுபோலத் தெரியும். இதில் ஒன்றுகூட அந்த இடத்தில் கடை நடத்தலாம் என்று சொல்கிற காகிதம் இல்லை. வணிக டாரிஃபில் கரண்ட் கொடுத்தால் மின்வாரியத்துக்குக் காசு வருகிறது, அவ்வளவுதான். வரி வாங்கியதால் உள்ளாட்சி அந்தத் தொழிலை அங்கீகரித்துவிட்டது என்று ஆகாது. பல பேர் இந்த இடத்தில்தான் ஏமாந்து திரும்பி வருகிறார்கள்.

பார்க்க வேண்டியவை வேறு மூன்று. முதலாவது, அந்த நிலம் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்பது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971 என்று ஒன்று இருக்கிறது. அதன் 47ஆம் பிரிவு, ஒரு பகுதிக்குத் திட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டால் நிலத்தை அந்தத் திட்டத்துக்கு ஒத்தபடிதான் பயன்படுத்த வேண்டும் என்கிறது. ஆதார குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று நிலத்துக்கு நிறம் தீட்டி வைத்திருப்பார்கள். எந்த நிறத்தில் என்னென்ன செய்யலாம் என்று 2019இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் பட்டியல் இருக்கிறது. ஆதார குடியிருப்பில் சின்னப் பெட்டிக்கடை, வீட்டிலேயே டாக்டரோ ஆடிட்டரோ ஓர் அறையில் ஆலோசனை சொல்வது என்று கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறார்கள். லாரி வந்து லோடு ஏற்றுகிற பழைய இரும்புக் கிடங்கு அந்தக் கணக்கில் வராது.

இரண்டாவது, திட்ட அனுமதியும் கட்டட அனுமதியும். அந்த மனையில் ஷெட் போட்டிருக்கிறாரா? எதற்கென்று அனுமதி வாங்கினார்? 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது தெரிந்திருக்கும். 2500 சதுர அடி வரை உள்ள மனையில் 3500 சதுர அடிக்குள் வீடு கட்டுவதற்கு ஆன்லைனில் உடனடி அனுமதி. நல்ல ஏற்பாடு, எத்தனையோ குடும்பத்துக்கு அலைச்சல் மிச்சம். ஆனால் அது வீட்டுக்கு மட்டும். அப்படி வீடு என்று சொல்லி அனுமதி வாங்கி ஷெட் போட்டு இரும்பு அடுக்கினால், கையில் இருக்கிற அனுமதியே அவருக்கு எதிரான சாட்சி. உங்கள் பக்கத்து மனை ஏழு சென்ட், கணக்கிட்டால் 3049 சதுர அடி வரும். அதனால் முழு மனைக்கும் அந்த வழி திறந்திருக்க வாய்ப்பில்லை, ஆனாலும் பாதியாகப் பிரித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

மூன்றாவது, தொழில் உரிமம். பழைய ஆட்கள் ‘டி அண்ட் ஓ லைசென்ஸ்’ என்பார்கள், ஆபத்தான, தொல்லை தரக்கூடிய தொழில்களுக்கானது. நகர்ப்புறத்தில் இப்போது 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டமும், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளும்தான் ஆள்கின்றன. உங்கள் இடம் மாநகராட்சிக்குள் இருந்தால் அந்த வழி. கடலூர் நகராட்சி 2021இல் மாநகராட்சி ஆனது, 45 வார்டு. ஊராட்சிக்குள் இருந்தால் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம். நகரை ஒட்டிய பகுதிகளில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இருக்கும். வீட்டு வரி ரசீதைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். தவறான அலுவலகத்துக்கு மனு போனால் அது சரியான அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அடுத்த பொங்கல் வந்துவிடும்.

உங்களுக்கு இன்னொரு பலம் இருக்கிறது, நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை. உங்கள் நகர் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவா? அப்படியென்றால் உங்கள் பத்திரத்தோடு ஒரு லேஅவுட் வரைபடம் இருக்கும். அதில் மனை எண், சாலை அகலம், பூங்கா, கடைகளுக்கென்று ஒதுக்கிய மனை எல்லாம் குறித்திருப்பார்கள். பக்கத்து மனை அதில் குடியிருப்பு மனை என்றால், முழுமைத் திட்டம் வரை போகவே வேண்டாம், பாதி வேலை அங்கேயே முடிந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் போட்ட அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவாக இருந்து, 2017 திட்டத்தில் வரன்முறைப்படுத்தியிருந்தால், அந்த உத்தரவின் நகலைத் தேடி எடுங்கள். பீரோவில் பத்திரத்துக்கு அடியில் மஞ்சளாகி மடங்கிக் கிடக்கும். அதில் அச்சடித்த நிபந்தனைகளை யாரும் படிப்பதில்லை. படியுங்கள்.

இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது? நேரில் போய் ‘அவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா’ என்று கேட்டால் ‘இருக்குங்க’ என்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியாகக் கேட்காதீர்கள், நகல் கேளுங்கள். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்டால் விளக்கம் தர வேண்டிய கட்டாயம் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ‘இந்த டவுன் சர்வே எண்ணில் உள்ள நிலத்துக்கு வழங்கிய திட்ட அனுமதியின் நகல், தொழில் உரிமத்தின் நகல், மறைப்பு அமைக்கச் சொல்லிக் கொடுத்த நோட்டீஸின் நகல், அதற்கு முன் தள ஆய்வு செய்த அறிக்கையின் நகல்’ என்று கேட்டால், ஒன்று கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ‘அப்படி எதுவும் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டு எழுத வேண்டும். அந்த இரண்டாவது பதில்தான் உங்களுக்குத் தங்கம்.

நில வகைப்பாட்டை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் இதே முறையில் கேளுங்கள். போகும்போது பட்டாவும் டவுன் சர்வே நிலப் பதிவேட்டின் நகலும் கையில் இருக்கட்டும். வார்டு, பிளாக், சர்வே எண் மூன்றும் சரியாக இருக்க வேண்டும். கதவு எண்ணை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் நடக்காது.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் கிளறியதும் கடைக்காரருக்கு யாராவது நில வகைப்பாட்டை மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பார்கள். குடியிருப்பை வணிகமாகவோ தொழிலாகவோ மாற்ற அந்த 1971ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. பெரும்பாலும் உள்ளாட்சியின் தீர்மானம் கேட்பார்கள், பத்திரிகையில் அறிவிப்பு வரும், குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆட்சேபணை சொல்லலாம். அந்த அறிவிப்பு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி வராது. சினிமா விளம்பரத்துக்குக் கீழே, இமை கொட்டினால் தவறிப்போகிற சின்னக் கட்டத்தில், ‘புல எண்’ என்று ஆரம்பிக்கும். கோப்பு தீர்மானத்துக்குப் போகும்போதே உங்கள் ஆட்சேபணை அதில் இருந்துவிட்டால் கதையே வேறு. அதனால் மாமன்ற உறுப்பினரிடமும் ஒரு நகல் கொடுத்து வையுங்கள். 2022இல் வார்டு குழு, பகுதி சபா என்று விதி வந்ததே, பல இடங்களில் டீ, பிஸ்கெட்டோடு முடிந்துவிடுகிறது என்றாலும், அங்கே எழுதிக் கொடுத்தால் அதுவும் ஒரு பதிவுதான்.

இனி மறைப்புக்கு வருகிறேன். எனக்கு இதில் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. பல வருஷத்துக்கு முன் ஒரு மர இழைப்பகத்துக்கு நான் பிளான் போட்டேன். பக்கத்து வீட்டார் ஆட்சேபித்ததால், ‘குடியிருப்பு உள்ள பக்கத்தில் சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டும்’ என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. எவ்வளவு உயரம் என்று உத்தரவில் இல்லை. என் கட்சிக்காரர் கெட்டிக்காரர். இரண்டடிச் சுவர் எழுப்பினார். நாய்கூட அதைத் தாண்டிக் குதிக்காது, நடந்தே கடந்துவிடும். ஆய்வுக்கு வந்தவர் டேப்பை எடுத்தார், உத்தரவைப் புரட்டினார், திரும்ப டேப்பைச் சுருட்டினார். சுவர் இருக்கிறது, நிபந்தனை நிறைவேறியது என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி அந்த இரண்டடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. மரத்தூள் அவர் துவைத்துப் போட்ட புடவையில் மாவு மாதிரிப் படிந்திருந்தது.

உங்கள் கடைக்காரர் அதற்கு நேர் எதிர். உயரம் சொல்லவில்லை என்பதால் பத்தடிக்குப் போய்விட்டார். இரண்டுமே ஒரே ஓட்டைதான். மறைப்பு போடச் சொல்லும் உத்தரவில் எந்தப் பொருளில், எந்த உயரத்தில், எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தத் தேதிக்குள் என்று நான்கும் இல்லையென்றால் அது உத்தரவே இல்லை, ஆறுதல்.

பொருளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது கடலூர். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. மறுநாள் தெருவில் இறங்கியபோது ஒரு தகரம் மின்கம்பத்தைச் சுற்றி, மருதாணி வைத்த விரலில் துணி சுற்றியதுபோல, ஒட்டிக்கொண்டிருந்தது. அது எந்த வீட்டுக் கூரையோ, எந்தக் கடை வேலியோ. புயல் காற்றில் தகரம் கத்தியாகப் பறக்கும். இங்கே வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் வானிலை எச்சரிக்கை வருகிற ஊரில், சவுக்குக் கம்பில் கட்டுக்கம்பி போட்டுப் பத்தடித் தகரத்தை நிறுத்தி வைப்பது, மறைப்பு என்ற பெயரில் உங்கள் ஜன்னலுக்கு நேரே ஒரு பாய்மரத்தை நட்டு வைப்பது. உங்கள் அடுத்த மனுவில் இதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். அழகைப் பற்றிய புகாரை ஒதுக்கி வைக்கிற அதிகாரி, உயிருக்கு ஆபத்து என்று எழுத்தில் வந்த புகாரை அப்படி ஒதுக்கத் தயங்குவார். புயலுக்கு அப்புறம் அந்தக் கடிதம் யார் கோப்பில் இருந்தது என்ற கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும்.

அப்படியென்றால் செங்கல் சுவரா? அதிலும் ஒரு சிக்கல். சுவர் தண்ணீரை மறிக்கும். நம் ஊரில் காலி மனை என்பது பாதி நேரம் மழைத் தண்ணீர் ஓடுகிற வழி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது கரையோரப் பகுதிகள் பட்ட பாடு தெரியும். ஆற்று வெள்ளம் வேறு விஷயம், அதைச் சுவர் ஒன்றும் செய்யாது. ஆனால் சாதாரண மழைக்கே, அடியில் ஓட்டை விடாமல் கட்டிய ஒரு காம்பவுண்ட் சுவரால் ஒரு தெரு முழுக்க முழங்கால் அளவு தண்ணீர் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் சுவர் கேட்டால் அடியில் வடிகால் துளைகளோடு கேளுங்கள்.

என் யோசனை, ஆளுயரத்துக்கு ஒரு சுவர், அதற்கு உட்புறம் இரண்டு மூன்று அடி விட்டு உயிர்வேலி. கிளுவை, நொச்சி, ஆடாதொடை, எல்லையோரமாகப் பூவரசு. நொச்சியும் கிளுவையும் கிளை ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும், ஆடு மேயாத ஆடாதொடைக்குக் காவலே வேண்டாம். இரண்டு மழையில் பச்சைத் திரை கிடைக்கும். காற்று அதில் புகுந்து போகும், தகரத்தில் மோதுவதுபோல் மோதாது. கொஞ்சம் தூசியையும் பிடிக்கும். சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது, அதை எதிர்பார்க்காதீர்கள்.

ஜன்னல் வெளிச்சத்தைப் பற்றி. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி ஒரு ஜன்னல் வழியாக 20 வருஷம் தடையில்லாமல் வெளிச்சமும் காற்றும் அனுபவித்திருந்தால் அதை உரிமையாகக் கோரலாம். உங்கள் வீட்டுக்கு 12 வருஷம்தான் ஆகிறது. அந்த வாதம் உங்களுக்கு இப்போது கைகொடுக்காது. யாராவது கொடுக்கும் என்று சொல்லி வழக்குப் போடச் சொன்னால் கேட்காதீர்கள்.

இதெல்லாம் ஒருபுறம். மறைப்பால் உங்களுக்கு வந்த பெரிய நஷ்டம் வேறு. முன்பு மாடியில் நின்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். இப்போது தெரியாது. தகரம் யாருடைய கண்ணை மறைக்கிறது? தெருவில் போகிறவர் கண்ணை. அவருக்குப் பிரச்சினையே இல்லை, அரை நிமிஷத்தில் கடந்து போய்விடுவார். உள்ளே டயரில் மழைத் தண்ணீர் நின்று டெங்கு கொசு முட்டையிட்டால் அது தகரத்தைத் தாண்டி உங்கள் வீட்டுக்குத்தான் வரும். காப்பர் எடுக்க வயரைக் கொளுத்தினால் புகையும் அப்படியே. கேஸ் கட்டிங் செய்யும்போது பழைய பிரிட்ஜின் பஞ்சில் தீப்பொறி விழுந்தாலும் அப்படியே. நமக்கு வேண்டாதது எல்லாம் மறைப்பைத் தாண்டி வருகிறது, வேண்டிய வெளிச்சம் மட்டும் நின்றுவிட்டது.

ஆகவே தொல்லையைப் பிரித்துப் பிரித்து எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு இருக்கிறது. டயர்த் தண்ணீருக்குச் சுகாதார ஆய்வாளர். அனுபவத்தில் சொல்கிறேன், எல்லாக் கதவிலும் சீக்கிரம் திறப்பது இதுதான். மழைக்காலத்தில் டெங்கு என்ற சொல்லுக்கு அரசு அலுவலகத்தில் தனி மரியாதை உண்டு. வயர் எரிப்பதற்கும் பழைய பேட்டரி உடைப்பதற்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம். பேட்டரிக் கழிவுக்கும் மின்னணுக் கழிவுக்கும் 2022இல் புது விதிகள் வந்திருக்கின்றன, பதிவில்லாமல் யாரும் உடைத்துப் பிரிக்கக் கூடாது. கேஸ் சிலிண்டருக்குத் தீயணைப்பு நிலையம்.

சத்தத்துக்கு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45. வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்பகுதியில் 75, 70. அந்த நிலம் எந்த நிறம் என்ற கேள்வியில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன் என்று இப்போது புரியும். அதே சுத்தியல், அதே சத்தம். நிறம் மாறினால் குற்றம் குற்றமில்லாமல் போய்விடும்.

எல்லாம் சேர்ந்து பொதுத் தொல்லை என்று ஆனால் கோட்டாட்சியரிடம் போகலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 152. தொல்லையை நீக்கு, இல்லையென்றால் வந்து காரணம் சொல் என்று அவர் உத்தரவு போடலாம். இந்தப் பிரிவுக்கு எவ்வளவு பல் இருக்கிறது என்று 1980இல் ரத்லம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டியது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு சாக்கடை விவகாரம், எங்களிடம் பணம் இல்லை என்றது நகராட்சி. அந்தச் சாக்கு செல்லாது என்று நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். ஆனால் இதற்கு நீங்கள் ஒருவராகப் போகாதீர்கள். ஒரு வீட்டுக்குத் தொல்லை என்றால் அது அக்கம்பக்கத் தகராறு என்று போய்விடும், தெருவே கையெழுத்துப் போட்டால்தான் பொதுத் தொல்லை.

தங்கை மகன் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வது பாதி சரி. அங்கே பல ஊர்களில் இப்படி ஒரு தொழிலுக்கு நிபந்தனை அனுமதி கேட்டால், சுற்றியுள்ள வீட்டுக்காரர்களுக்குத் தபால் போகும், திறந்த கூட்டம் நடக்கும், ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷம் எழுந்து பேசலாம். வேலி இத்தனை அடி, இடைவெளி தெரியாத பலகை, வருஷம் முழுக்க இலை உதிராத மரம் என்று உத்தரவில் அளவோடு எழுதுவார்கள். பழைய வாகனக் கிடங்குகளை மறைப்பதற்கு அங்கே தேசிய அளவிலேயே சட்டம் இருக்கிறது. ஜனாதிபதி ஜான்சன் காலத்தில், 1965இல் வந்த நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டம். முக்கிய நெடுஞ்சாலையின் ஓரத்திலிருந்து 1000 அடிக்குள் கண்ணுக்குத் தெரிகிற கிடங்கை மறைக்க வேண்டும், இல்லையேல் அகற்ற வேண்டும். அந்தச் சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள், அழகு. காரில் போகிறவன் கண்ணுக்காக எழுதியது. வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு அங்கேயும் ஊர்க்கூட்டத்தில் போய்த்தான் கத்த வேண்டியிருக்கிறது. நமக்கு அங்கிருந்து எடுத்துக்கொள்ளத் தகுந்தது அளவு எழுதுகிற பழக்கம் மட்டும்தான்.

புதுச்சேரிப் பக்கத்து வாசகர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முள்ளோடை தாண்டி கன்னியக்கோயில் வந்துவிட்டால் சட்டமே வேறு. அங்கே 1969ஆம் ஆண்டுச் சட்டம், நகர அமைப்புக் குழுமம், 2012இல் வந்த கட்டடத் துணைவிதிகளும் மண்டல ஒழுங்குமுறைகளும். அதோடு அங்கே 2006இல் நடந்த தேர்தலில் வந்தவர்கள் பதவிக்காலம் 2011இல் முடிந்த பிறகு உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. வார்டு உறுப்பினரைத் தேடி அலையாமல் நேராக ஆணையரிடம் போக வேண்டியதுதான். கடற்கரையை ஒட்டிய நகரப் பகுதியில் ஒரு வேடிக்கை, பிரெஞ்சுக்காரர் தெருப்பக்கத்தில் உயரமான மதிலே அழகு, தமிழர் தெருப்பக்கத்தில் தாழ்வாரமும் திண்ணையுமாகத் தெருவைப் பார்த்துத் திறந்திருப்பதே அழகு. மறைப்பதா, திறப்பதா என்பதற்கு ஒரே ஊரில் இரண்டு விடை.

சரி, மனு. நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: ‘மேற்படி சர்வே எண்ணில் உள்ள நிலம் குடியிருப்பு மனை. அதில் பழைய இரும்புக் கிடங்கு நடத்தத் திட்ட அனுமதியும் தொழில் உரிமமும் வழங்கப்பட்டுள்ளதா என்பதைச் சரிபார்த்து, வழங்கப்படவில்லையெனில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் 56, 57ஆம் பிரிவுகளின்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். அதுவரை, எல்லையில் சவுக்குக் கம்புகளில் நிறுத்தப்பட்டுள்ள பத்தடித் தகரத்தை வடகிழக்குப் பருவமழைக்கு முன் அகற்ற உத்தரவிட வேண்டும்.’ இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. போட்டோ நான்கு, தேதியோடு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், அதே நாளில் உள்ளாட்சிக்குப் பதிவுத் தபாலில் ஒரு நகல். உயர் நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தாலும், பெரும்பாலும் முதலில் கிடைப்பது ‘மனுதாரரின் மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடு’ என்ற உத்தரவுதான். அன்றைக்குப் பரிசீலிக்கப்படுவது இந்த ஒரு பக்கம். அதில் ‘அருவருப்பு’ என்று இருந்தால் திரும்பவும் தகரம்தான் வரும்.

கடைக்காரரிடம் நீங்கள் ஒருமுறைகூடப் பேசவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. பேசுங்கள். காயலாங்கடை இல்லாத ஊர் கிடையாது, நம் வீட்டுப் பழைய பேப்பரும் உடைந்த பிளாஸ்டிக் குடமும் அங்கேதான் போகின்றன. அவர் குடியிருப்புக்குள் வந்தது பெரும்பாலும் வாடகை குறைவு என்பதற்காக இருக்கும். அனுமதி இல்லை என்று அவருக்கே தெரிந்திருந்தால், சீல் வைக்க ஆள் வருவதற்கு முன் வேறு இடம் பார்க்க ஆறு மாதம் அவகாசம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கக்கூடத் தயாராக இருப்பார். அந்த ஆறு மாதத்துக்கு சுத்தியல் வேலையை எதிர் மூலைக்கு மாற்றுவது, காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை மட்டும் தட்டுவது, டயர்களுக்கு மேல் கூரை போடுவது, இதெல்லாம் பேசித் தீர்க்கிற விஷயங்கள். ஆனால் தகவல் உரிமைப் பதில் கைக்கு வந்த பிறகு பேசுங்கள், முன்னால் வேண்டாம்.

வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் மூன்றையும், லேஅவுட் வரைபடம் இருந்தால் அதன் படத்தையும் அனுப்புங்கள். ஜன்னலுக்கும் தகரத்துக்கும் இடையில் எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்து எழுதுங்கள், கண் மதிப்பில் வேண்டாம். இப்போது ஆவணி. ஐப்பசிக்கு முன் அந்தத் தகரத்தையாவது இறக்கிவிடப் பார்க்கலாம்.